ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை

பூச்சாடியில் நாலைந்து நாள் மாற்றாமல் விட்ட தண்ணீருக்கு ஒரு மணம் உண்டு. அதை எங்கே முகர்ந்தாலும் என் வலது கை தானாகப் பாவாடையைத் தேடும், துடைத்துக்கொள்வதற்கு. பாவாடை கட்டுவதை விட்டு அறுபது வருடமாகிறது என்பது கைக்குத் தெரியவில்லை. அந்த மணம் என்னைப் பதினொரு வயதுக்கும், மார்கழி மழைக்கும், ஆளில்லாத ஒரு பள்ளிக்கூட விடுதிக்கும் கொண்டுபோய் விட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் பல வீடுகளின் தகப்பன்மார் மலாயாவில் இருந்தார்கள். எங்கள் ஐயா அங்கே றெயில்வேயில் கிளாக்கர். பங்குனியில் அம்மாவும் கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் கப்பலேறியபோது, "பிள்ளையின்ரை படிப்புக் குழம்பக்கூடாது" என்று என்னை மட்டும் வலிகாமத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துவிட்டுப் போனார். மார்கழி விடுமுறைக்கு வருவேன் என்று சொல்லியிருந்தார். நானும் ஆவணியிலிருந்தே நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. தம்பிக்கு "அம்மாள் வருத்தம்", உடம்பெல்லாம் கொப்புளம், வேப்பிலையில் கிடத்தியிருக்கிறது, இந்த முறை வர வழியில்லை, பிஸ்கற் ரின் ஒன்று அனுப்பியிருக்கிறோம், கவனமாக இரு என்று எழுதியிருந்தது. தம்பிக்கு வருத்தமென்று எனக்குக் கவலை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை இப்போது ஒளிப்பதில் பயனில்லை.

மற்றப் பிள்ளைகள் மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் போய்விட்டார்கள். நாற்பது பாய்கள் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்த அந்த நீண்ட அறையில் என் பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. விடுதியில் மிஞ்சியது நானும், சமையல் செய்யும் செல்லம்மாக்காவும், மூன்று தங்கமீன்களும்தான்.

மீன்கள் மிசி அம்மாவுடையவை. பள்ளிக்கூடத்தை நடத்திய அமெரிக்கப் பெண்மணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றில் அவற்றை வளர்த்தார். விடுமுறைக்குக் கொழும்புக்குப் புறப்படும்போது தொட்டியை என் பொறுப்பில் விட்டு, பிஸ்கற் தூள் இருந்த சின்ன டப்பாவைக் கையில் தந்தார். அவர் வேதாகமத்தைப் படித்துத் தமிழ் பழகியவர். "மகளே, ஒரு நாளைக்கு ஒரு தரம். ஒரு சிட்டிகை மாத்திரம். அதற்கு மேல் வேண்டாம்" என்றார். நான் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன்.

முதல் நாள் சொன்னபடியே செய்தேன். தூளைப் போட்டதும் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தின்று முடிந்தபின் கண்ணாடியில் விரலை வைத்தேன். மூன்றும் ஓடிவந்தன. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டன. அந்தத் திரும்பிப் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இன்னொரு சிட்டிகை போட்டேன். மறுநாள் ஐந்து தரம், அதற்கடுத்த நாள் எத்தனை தரமென்று நினைவில்லை. தூள் முடிந்ததும் பாண் துண்டு, சோற்றுப் பருக்கை, செல்லம்மாக்காவின் பொரிப் பேணியில் கைவிட்டு அள்ளிய பொரி. கோயில் கேணியில் பொரி போட்டால் மீன்கள் கூட்டமாய் மேலே வரும், அது புண்ணியம் என்று அம்மா சொல்லியிருந்தார். கேணிக்கும் கண்ணாடித் தொட்டிக்கும் உள்ள வித்தியாசம் என் மரமண்டையில் ஏறவில்லை. காலையில் எழும்பியதும் அவற்றிடம் போவேன், கடிதத்தில் இருந்ததை வாசித்துக் காட்டுவேன், போடுவேன், அவை வரும். அந்த விடுதியில் நான் கூப்பிட்டு வந்தவை அவை மட்டும்தான்.

ஒரு கிழமைக்குள் தண்ணீர் கஞ்சி நிறமாகி, முன்னே சொன்ன மணம் வந்துவிட்டது. பிறகு ஒருநாள் பெரிய மீனின் வாலோரம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. இரண்டு நாளில் அந்த வெள்ளை, பழஞ்சீலையின் கரைபோல நூல்நூலாகப் பிய்ந்து தொங்கியது. மற்ற இரண்டுக்கும் செட்டை ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. மீன்கள் இப்போது விரலைக் கண்டு வருவதில்லை. மூலையில் சாய்ந்து நின்றன.

மீனைப் பற்றி மீன் விற்பவளுக்குத்தானே தெரியும் என்று, கொழும்புத்துறையிலிருந்து கடகத்தில் மீன் சுமந்து வரும் பெண்ணை வாசற்படலையில் மறித்து, மீனின் வால் அழுகினால் என்ன மருந்து என்று கேட்டேன். கடகத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மீனுக்கு வருத்தமோ பிள்ளை? என்ரை கடகத்துக்கை வந்தால் எல்லா வருத்தமும் தீர்ந்திடும்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தம்பிக்கு வேப்பிலை வைத்திருப்பதாகக் கடிதத்தில் இருந்ததே. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, பெரிய மீனைக் கையால் பிடித்தெடுத்து, வாலில் அப்பினேன். அது என் கையில் துடித்தது. அதன் உடம்பிலிருந்த வழுவழுப்பெல்லாம் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அந்த வழுவழுப்புத்தான் மீனுக்குத் தோலும் சட்டையும் என்று அப்போது யார் கண்டது? மறுநாள் காலை அது மேலே மிதந்தது. கிணற்றடி வாழைக்குக் கீழே புதைத்துவிட்டு, அங்கேயே குந்தியிருந்து அழுதேன். மழை பெய்தது. உள்ளே வா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. செல்லம்மாக்கா அன்று சந்தைக்குப் போயிருந்தார்.

பின்னேரம் அவர் வந்து, நான் நொண்டுவதைப் பார்த்து என்னைக் குசினிப் படியில் இருத்தினார். மழைச் சேற்றில் வெறுங்காலோடு திரிந்ததில் விரல் இடுக்குகள் வெளுத்து வெடித்திருந்தன.

"உது சேத்துப்புண். உப்புத் தண்ணிக்கை காலை வை."

"எரியுது அக்கா."

"கொஞ்சம் எரியும்தான். பிறகு ஊத்தைத் தண்ணியிலை காலை வைக்காதை. ஊத்தையிலை நிண்டால் எந்த மருந்தும் பிடியாது."

நான் குனிந்து என் விரலிடுக்கைப் பார்த்தேன். ஓரம் வெளுத்து, நூல்நூலாக உரிந்து, அசல் அந்த வால்தான். காலைத் துடைக்காமலே எழும்பி ஓடினேன். செல்லம்மாக்கா பின்னால் ஏதோ ஏசினார்.

ஒரு வாளி கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு. அதைக் கரைத்து ஒரு பெரிய மண்சட்டியில் ஊற்றி, இந்த முறை கையால் தொடாமல், சிரட்டையால் கோலி இரண்டு மீன்களையும் அதில் விட்டேன். பிறகு தொட்டி. வளைந்த பப்பாசி இலைத்தண்டு ஒன்றை வெட்டி, ஒரு முனையைத் தொட்டியின் அடியில் வைத்து மறு முனையில் உறிஞ்சி, அடியில் அழுகிக் கிடந்த சோற்றையும் பொரியையும் வெளியே வழியவிட்டேன். முதல் உறிஞ்சலில் அந்தத் தண்ணீர் ஒரு வாய் என் வயிற்றுக்குள் போயிற்று. எனக்கு அது வேண்டியதுதான். சட்டித் தண்ணீரை அடுத்த நாள் ஒரேயடியாக மாற்றியபோது இரண்டும் வெலவெலத்துப் பக்கவாட்டில் சாய்ந்தன. பயந்துபோய், அதற்குப் பிறகு காலையில் அள்ளிய தண்ணீரை மத்தியானம் வரை தண்ணென்ற குளிர் போகும்படி வைத்திருந்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றினேன். மாற்றும் தண்ணீருக்கும் அளவாக உப்பிட்டேன்.

இதெல்லாம் உடம்பு வேலை, செய்துவிடலாம். செய்ய முடியாமல் இருந்தது ஒன்றும் போடாமல் இருப்பதுதான். மூன்று நாள் பட்டினி போட்டேன். நாலாம் நாள் அவை பழையபடி விரலைக் கண்டு வந்தன. பார்த்தன. திரும்பிப் போயின. அதற்கிடையில் வந்து சேர்ந்திருந்த அம்மாவின் பிஸ்கற் ரின் பக்கத்திலேயே இருந்தது. கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் என்னைப் போல் தனித்த பிள்ளை உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு சிட்டிகை, ஒரு தரம்.

பத்து நாளில் வெள்ளை பரவுவது நின்றது. இரண்டையும் திரும்பத் தொட்டியில் விட்டேன். அதற்குப் பிறகு, பிய்ந்த வாலின் ஓரத்தில் வெங்காயத் தோல்போல ஒரு மெல்லிய புதுச் செட்டை கண்ணாடியாக வளர்ந்துவந்தது. நான் அதைச் செல்லம்மாக்காவுக்குக் காட்டினேன். "ஓம், வளருது" என்றார் அவர், அடுப்பை ஊதிக்கொண்டு.

மிசி அம்மா வந்ததும், கேட்பதற்கு முன்னரே ஒன்று செத்துப்போனதைச் சொன்னேன். அதிகம் தீன் போட்டதையும் சொன்னேன்.

"நான் சொன்னேனே மகளே. ஏன் போட்டாய்?"

"போட்டால்தான் வருதுகள்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏசவில்லை. "நாளைக்குத் தண்ணீர் மாற்றும்போது என்னையும் கூப்பிடு" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் வந்து, வாளியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அன்று பள்ளிக்கூடத்தைப் பற்றியோ மீனைப் பற்றியோ நாங்கள் கதைக்கவில்லை. தன் தாய் இருக்கும் ஊரில் இப்போது பனி கொட்டும் என்று சொன்னார். அவர் தாயைப் பார்த்து ஆறு வருடமாம்.

அம்மா வருவதற்கு மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. நான் அவரைவிட உயர்ந்துவிட்டேன். என்ன கதைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் அவர் சமைத்தார். பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், வடை. என் சாப்பாட்டுக் கோப்பை பாதி குறைவதற்குள் நிரப்பினார். "இன்னும் கொஞ்சம் போடட்டே பிள்ளை? சாப்பிடு" என்று கரண்டியோடு நின்றார். எனக்கு வயிறு முட்டிவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிக்கு வெளியே நின்று விரலை வைத்தவள் நான்தானே. கோப்பையை நீட்டினேன். அவர் போகும் வரை, ஒரு மாதம் முழுவதும், போட்டதெல்லாம் சாப்பிட்டேன்.

அந்த விடுதி இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். செல்லம்மாக்காவும் மிசி அம்மாவும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம். வெளிநாட்டிலிருக்கும் என் மகள், "அம்மாவுக்கு ஒரு துணை" என்று ஆளை வைத்து ஒரு மீன்தொட்டி வாங்கி அனுப்பியிருக்கிறாள். காலையில் ஒரு சிட்டிகை போடுவேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவேன். வால் அழுகல் இந்த வீட்டுக்கு இதுவரை வரவில்லை. பின்னேரங்களில் சும்மா விரலை வைத்துக்கொண்டு இருப்பேன். சில நாள் வரும், சில நாள் வராது.

அம்மா இறந்து முப்பது வருடமாகிறது. அன்று கோப்பையை நீட்டியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிட்டு வாய்க்குள் இருந்ததால் சொல்லாமல் விட்டேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். நீங்கள் போடாட்டியும் வருவன் அம்மா.