ஹோலுக்குள் திறக்கிற கதவு

முஸ்பிறாவுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கல்முனைக்குடியில் அவளைத் தெரிந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணியைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பாள். பாதியில் ஏதாவது ஞாபகம் வந்து எழும்பிப் போய்விடுவாள். மிச்சம் எறும்புக்கு.

இளமை முழுவதும் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். அந்த வீட்டுக்காரி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அறைக்குள் போய் இளைப்பாறுவாள். இளம்பச்சைச் சுவர், மெல்லிய திரைச்சீலை, ஒரே ஒரு சாய்மனைக் கதிரை. வேறு சாமான் எதுவும் இல்லை. அந்தக் கதிரையை முஸ்பிறா தினமும் துடைத்தாள். ஒருநாளும் அதில் இருந்து பார்த்ததில்லை. ஊரில் வீடு கட்டினால் இப்படியொன்று எனக்கும் வேணும் என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

கட்டினாள். கடற்காற்று நேரே வருகிற கிழக்குப் பக்கத்து அறை. பச்சை நிறம் சரியாக அமைய வேண்டுமென்று பெயின்ற் கடைக்காரனின் உயிரை வாங்கினாள். யன்னல் சிறிசு என்று சொல்லி, பூசி முடித்த சுவரை மேசன் சுபியானைக் கொண்டு திரும்ப உடைப்பித்தாள். இவ்வளவு யோசித்த மனுசி ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்த அறைக்கு இருந்த ஒரே கதவு ஹோலுக்குள் திறந்தது.

அதிலென்ன பிழை என்பீர்கள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் இருப்பார். மாமிக்காரி அவர் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிவாள். இந்தக் காலத்து மாமிமார் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். முஸ்பிறா விடவில்லை. மகள் ஆகிலாவின் நிக்காஹ் முடிந்த கையோடு ஹோல் மருமகன் றினாஸுக்கும் குசினி மாமிக்கும் என்று ஆகிவிட்டது. நடுவில் அந்த அறை சும்மா கிடந்தது.

“அவன் என்ன புலியா? ஆரு புள்ள இப்ப மருமகனுக்கு ஒளிக்கிற?” என்று புருசன் ஜவுபர் சிரிப்பார்.

“உங்களுக்கென்ன, வரம்பில சாஞ்சாலும் நித்திரை வரும். அறைக்குப் பின்னால குசினிப் பக்கமா ஒரு கதவு வெச்சாச் சரி. சுபியானுக்குச் சொல்லிட்டன்.”

“புகையும் மீன் மணமும் உள்ளுக்கு வரும். பிறகு அது இன்னொரு குசினிதான்.”

சொல்லிவிட்டு அவர் சவளக்கடை வயலுக்குப் போய்விட்டார். அவள்தான் வெந்துகொண்டிருந்தாள்.

றினாஸ் கடைக்குப் போன நேரம் பார்த்து அறைக்குள் போய் இருந்து பார்ப்பாள். காது ரோட்டில் இருக்கும். எவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் துள்ளி எழும்பிக் குசினிக்கு ஓடுவாள். அது வேறு ஆளாயிருக்கும். திரும்பி வந்தால் திரைச்சீலை கோணலாகத் தெரியும். இழுத்துச் சரிசெய்வாள். கதிரையை யன்னலோரம் போடுவாள், பிறகு சுவரோரம் போடுவாள். போடுகிற பாட்டில் களைத்துப்போவாளே தவிர, கண் மூடமாட்டாள். எனக்கு ஆறி இருக்கக் குடுப்பினை இல்லை என்று ஒருநாள் வாய்விட்டே அழுதாள்.

ஒரு திங்கட்கிழமை. ஆகிலா வேலைக்குப் போயிருந்தாள். அடுப்பில் சூரை மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருக்க, திரைச்சீலையைப் பார்க்கிற சாட்டில் முஸ்பிறா அறைக்குள் போனாள். முன்கதவு திறந்தது. றினாஸ்! மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நடந்து வந்திருக்கிறார். சத்தமே கேட்கவில்லை. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹோலில் டிவி பாடத் தொடங்கியது. ஆணம் வற்றுகிற மணம் மெல்ல வந்தது. “மகன், அடுப்ப நிப்பாட்டுங்க” என்று சொன்னால் போதும். மாப்பிள்ளையிடம் குசினி வேலை சொல்வதா? கதவருகே போவாள், திரும்புவாள், கையைப் பிசைவாள். மணம் கருகலாயிற்று. அப்போது செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் போனது. அடுப்பு நிறுத்தப்பட்டது. சோற்றுக் கோப்பை தட்டுப்படும் சத்தம் கேட்டது. தானே போட்டுச் சாப்பிடுகிறார்!

சாப்பிட்டவர் திரும்பி வந்து ஹோலில் இருந்தார். டிவியின் சத்தம் குறைந்தது, பிறகு இல்லாமலே போனது. அப்போதுதான் முஸ்பிறாவுக்கு உறைத்தது. அவளுடைய சிலிப்பர் அறை வாசலில் கிடக்கிறது. மாமி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும்.

வெட்கத்தில் போய்க் கதிரையில் விழுந்தாள். வெளியே போக வழியில்லை. செய்ய வேலையில்லை. அடுப்பும் அணைந்துவிட்டது. கூப்பிட ஆளில்லை. திரைச்சீலை கோணலாகத்தான் இருந்தது. காற்று வந்து அதைத் தூக்கியது. எழும்பிச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தது ஞாபகம்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கேட்டுத்தான் கண் திறந்தாள். ஹோலில் எவருமில்லை. குசினியில் கருகின ஆணம் மூடியிருந்தது. மாப்பிள்ளை சாப்பிட்ட கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.

சனிக்கிழமை சுபியான் உளியோடு வந்தான். “கதவு எங்க வைக்கிற ராத்தா?”

“ஒண்ணா தம்பி, இனிக் கதவு வேணாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

இப்போதெல்லாம் முஸ்பிறா பகலுக்கு முன்பே சமைத்து, மேசையில் மூடி வைத்துவிடுவாள். பிறகு ரோட்டைக் கேட்டபடி ஹோலில் நிற்பாள். றினாஸின் மோட்டார் சைக்கிள் சந்தியில் திரும்புகிற சத்தம் கேட்டதும், சிலிப்பரை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.