ரஷ்யாக்காரன் ஜெயிக்கிறானா, தோக்குறானா?

அன்றைக்குத் தாம்பரம் ஆபீசில் இருந்தது நாலு பேர். நான், மெடிக்கல் மூன்றாம் வருஷ மாணவி ஜெனிபர், அவளுடைய அப்பா அருள்தாஸ், அம்மா ஸ்டெல்லா. இல்லாதவர் எங்கள் ஓனர். பிள்ளைக்குக் காது குத்து என்று குன்றத்தூர் மலைக்குப் போயிருந்தார். வெளிநாட்டுக் காலேஜில் சீட் வாங்கிக் கொடுப்பது எங்கள் தொழில். நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஜெனிபர் படித்தது உக்ரைனில். ரஷ்யா உள்ளே புகுந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவள். ஆன்லைனில் முடித்தால் இங்கே செல்லாது. ஒன்று, அங்கேயே திரும்பிப் போகணும். இல்லை, ஜார்ஜியாவுக்கு மாறணும். மாறினால் ஒரு வருஷப் படிப்பு வீண், செலவும் புதிதாக. ஜார்ஜியா சீட்டுக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

கீழ்க்கட்டளையில் லோடு வண்டி ஓட்டுகிற அருள்தாஸ் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ரஷ்யாக்காரன் ஜெயிச்சிகினு கீறானா, தோத்துகினு கீறானா?"

"எப்பப் பாரு போன்ல அந்தச் சண்ட மேப்புதான் சார்," என்றார் ஸ்டெல்லா. "சோறு போட்டா, அம்புக்குறி எந்தப் பக்கம் போவுதுன்னு என்னையக் கேக்குறாரு."

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். என் அப்பா வயசுள்ளவர் 'சார்' என்று கூப்பிட்டு என் வாயையே பார்த்தால் எனக்குப் பயம் வரும். அதனால் நிறையப் படித்து வைத்திருந்தேன்.

"எவ்வளவு இடம் பிடிச்சாங்கன்னு மட்டும் பார்க்கக் கூடாதுங்க. காடு, வயலெல்லாம் மேப்ல பெருசாத் தெரியும். எதுக்காக உள்ள வந்தாங்க, அது கிடைச்சுதா? பிடிச்சதை வச்சுக்க எவ்வளவு ஆளை இழக்குறாங்க? தலைநகரைப் பிடிக்க வந்தாங்க, முடியாமப் பின்வாங்கினாங்க. வந்த காரியத்துல தோத்துக்கிட்டுதான் இருக்காங்க."

அருள்தாஸ் மேஜையைத் தட்டினார். "நான் சொல்லல? அவ்ளோதான், புட்டுக்கினான்! அங்கியே திரும்பிப் போவ டிக்கெட்ட போடு சார்."

"அப்பா, இது இன்னா மேட்ச்சா? தோத்தவன் கை குடுத்துட்டு பஸ் ஏறிடுவானா?" என்றாள் ஜெனிபர். பிறகு என்னிடம், "அண்ணா, எங்க காலேஜ் ஊரை அவங்க பிடிக்கவே வேணாம். தூரத்துல இருந்தே கரன்ட்டை நிறுத்த முடியும்ல?"

அவளே, கூடப் படித்து அங்கே திரும்பிப் போயிருந்த காவ்யாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கிளாஸ் எல்லாம் பேஸ்மென்ட்லதான்டி. ஹீட்டர் இல்ல. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு மூட்டை மாதிரி கெடக்கேன்," என்று சிரித்தாள் காவ்யா. "இருடி, சைரன் அடிக்குது. கீழ போணும்." குக்கர் விசில் வந்தது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அருள்தாஸ் என் பக்கம் திரும்பினார். "தோக்குறவன் இன்னாத்துக்கு இன்னும் அடிக்கிறான்?"

"பிடிக்க முடியாததை உடைக்கிறாங்கண்ணா," என்றேன். என்னை அறியாமல் அண்ணா என்று வந்துவிட்டது.

"மாத்திடு தம்பி," என்றார் ஸ்டெல்லா. அருள்தாஸும் தலையை ஆட்டினார்.

ஓனருக்குப் போன் செய்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, மாத்து. நம்ம சர்வீஸ் சார்ஜ் வாங்காத," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். படையெடுத்தவன் ஜெயிக்கிறானா என்பது ஒரு கேள்வி. நம் பிள்ளை இருக்கப்போகிற தெருவில் என்ன விழும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை நம்பி டிக்கெட் போட்டிருந்தால்? இரண்டையும் பிரித்துக் காட்டியவள் ஜெனிபர். அவளுக்கு நான் கடமைப்பட்டவன். முடிவை மாற்ற வைத்தும் என்மேல் கோபப்படாமல், கீழே கூட்டிப்போய் டீயும் சமோசாவும் வாங்கித் தந்த அருள்தாஸ் அண்ணனுக்கும்தான்.

ஜெனிபர் இப்போது ஜார்ஜியாவில் கடைசி வருஷம். மறுபடி கட்டிய ஒரு வருஷ ஃபீஸ், விசா, டிக்கெட், நகைக்கடன் வட்டி எல்லாம் சேர்த்து அவர்களுக்குக் கூடுதலாக ஆனது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.