தீர்மானம் என்று எழுதுங்கள்

மனநல ஆலோசகர்கள் பத்துப் பேர் ஓர் அறையில் உட்கார்ந்தால் அங்கே யாரும் யாரையும் மறுத்துப் பேச மாட்டார்கள். பெரிய இடைஞ்சலே அதுதான். சண்டை போட்டால் ஜெயிக்கலாம், தோற்கலாம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களை என்ன செய்வது? நான் அவர்களிடம் ஜெயித்தேன். அதை இப்போதே எழுதிவைத்துவிட வேண்டும். இன்னும் ஒரு வருடம் போனால், அது ஏதோ தற்செயலாக நடந்தது என்று நானே என்னை நம்பவைத்துவிடுவேன். எனக்கு அந்தக் குணம் உண்டு.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆலோசகர். எங்கள் தொழில் செய்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மதுரைக்காரர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே மேற்பார்வைக் கூட்டம் நடக்கும். அவரவர் கையாளும் ஒரு பிரச்சினையை, ஆள் அடையாளம் சொல்லாமல், மூத்தவர்கள் முன்னால் வைத்து, நான் எங்கே தவறினேன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல வழக்கம். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் வருடத்தில் எட்டுக் கூட்டத்துக்காவது வராதவர்களுக்கு முழு உறுப்பினர் தகுதி போய்விடும். முழு உறுப்பினராக இல்லாதவரை என் பள்ளி வேலையில் வைத்துக்கொள்ளாது.

மகள் பிறந்த பிறகு என்னால் மூன்று கூட்டங்களுக்குத்தான் போக முடிந்தது. வெள்ளனே ஆறு மணி பேருந்தைப் பிடித்தால் வத்தலகுண்டு போய்ச் சேர்வதற்குள் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்துவிடுவாள். மூன்றாவது தடவை, உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருக்க, நான் மாடிப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவில் என் பெயர் இருந்தது. கூட்டத்தில் நான் இல்லை. இது ஏமாற்று வேலை இல்லையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே மலை ஏறினேன். என் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். சனிக்கிழமைதான் அவருக்குச் சவாரி. குழந்தையை விட்டுப் போக வேறு ஆள் இல்லை.

மலையில் எங்கள் சங்கத்துக்காரர்கள் ஆறு பேர். எல்லோருக்கும் இதே கதைதான். அதனால் ஒரு தீர்மானம் எழுதி அனுப்பினேன். மாதம் ஒருமுறை கொடைக்கானலிலேயே ஒரு மேற்பார்வைக் கூட்டம் நடக்க வேண்டும், அதற்கு வருவது மதுரைக்கு வருவதற்குச் சமமாகக் கணக்கிடப்பட வேண்டும். இவ்வளவுதான். பெருமாள்மலைப் பக்கம் ஒரு குடிநோய் மறுவாழ்வு இல்லத்தில் இருபது வருடமாக ஆலோசகராக இருக்கும் அக்கா ஒருவர் அதை வழிமொழிந்து கையெழுத்துப் போட்டார். மேற்பார்வை செய்யும் தகுதி மலையில் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

தை மாதத்தில் சங்கத்தின் செயற்குழு கொடைக்கானலுக்கு வந்தது. வருடம் ஒருமுறை வெளியூரில் கூடுவார்கள். அறை, வண்டி, சாப்பாடு எல்லாவற்றையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. தலைவரை வத்தலகுண்டிலிருந்து என் கணவர்தான் அழைத்துவந்தார். ஏரிக்குப் பக்கத்து விடுதியில் கூட்ட அறை பிடித்திருந்தேன். எல்லோரும் சால்வையும் குல்லாவுமாக வந்து உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தேன். ஏழாவதாக, ‘மலைப்பகுதி உறுப்பினர்களின் சிரமங்கள்’ என்று அச்சாகியிருந்தது.

நான் அனுப்பியது தீர்மானம். அச்சானது சிரமம். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம். என் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். அதில் நான்கு இடத்தில் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தேன். ‘தங்களுக்குச் சிரமம் தருவதற்கு’ என்று தொடங்கி, ‘இந்தச் சிரமமான நிலையில்’ என்று முடித்திருந்தேன். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அடுத்த தவறையும் நானே செய்தேன். எங்கள் கூட்டங்களில் முதலில் வட்டமாக உட்கார்ந்து, அன்றைய மனநிலையை ஆளுக்கு ஒரு சொல்லில் சொல்ல வேண்டும். தலைவர் “நிதானம்” என்றார். செயலாளரம்மா “நன்றி” என்றார். பொருளாளர் “குளிர்” என்றார், எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே படித்திருக்கிறோம்? “பயம்” என்றேன்.

பதினொரு பேர் வட்டத்தில் பத்து முகங்கள் என் பக்கம் சாய்ந்தன. எந்த ஆலோசகரும் அந்தச் சொல்லைச் சும்மா விடமாட்டார். பொருளாளர், காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மெதுவாக என் பக்கம் தள்ளினார். வழிமொழிந்தவர் என்ற முறையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெருமாள்மலை அக்கா, உதட்டை அசைக்காமல், “ஏத்தா, எதுக்கு இப்ப அதச் சொன்ன? அழுதுகிழுது வச்சிராத. அழுதா ஃபைல மூடிருவாங்க” என்றார்.

ஏழாவதுக்கு வர மதியமாகிவிட்டது. நான் எழுந்து தீர்மானத்தைப் படித்தேன். குரல் நடுங்கியது. படித்து முடித்ததும் செயலாளரம்மா, “ரொம்ப சோர்ந்து தெரியுறீங்கம்மா. ராத்திரி தூங்க விடுறாளா பாப்பா?” என்றார்.

“விடுறா மேடம். தீர்மானம்...”

“அதுக்கு வரேன். வீட்ல உதவிக்கு யாரு?”

“அவருதான் மேடம்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய மனிதர். அவர் வகுப்புகளில் உட்கார்ந்துதான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். “காலையில பயம்னு சொன்னீங்க. இப்பவும் இருக்கா? உடம்புல எங்க தெரியுது?” என்று கேட்டார்.

“வயித்துல சார்,” என்றேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். அப்படித்தான் வளர்ந்திருக்கிறேன்.

“அந்த வயித்துக்கு ஒரு குரல் இருந்தா அது என்ன சொல்லும்?”

“பசிக்குதுன்னு சொல்லும் சார், மணி ஒன்றரை ஆச்சு” என்றார் பெருமாள்மலை அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். அத்தனையும் கனிவான பேச்சு. ஒருவர் தன் மனைவியின் பிரசவ காலத்தைச் சொன்னார். ஒருவர் மூச்சுப் பயிற்சி ஒன்றைச் சொன்னார். குழந்தைக்கு ஒரு வயதானால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். கூட்டம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. கேட்கக் கேட்க எனக்கே மனசு இளகி, இவ்வளவு நல்லவர்களைப் போய்த் தொந்தரவு செய்கிறோமே என்று தோன்றத் தொடங்கியது. கை அந்தப் பெட்டியை நோக்கிப் போனதுகூட உண்மை.

அப்போதுதான் பேத்துப்பாறையிலிருந்து வந்த ஓர் அம்மாவின் ஞாபகம் வந்தது. அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டை மாற்றித்தான் சொல்கிறேன். புதன்கிழமைகளில் நான் வேறொரு பள்ளிக்கும் போவதுண்டு. தோட்டக் கூலிக்குப் போகும் அந்த அம்மா, மகளுக்கு விடுதியில் இடம் கேட்டு அங்கே வந்திருந்தார். பிள்ளை நடந்து வரும் வழியில் காட்டுமாடு நிற்கிறது, பயமாக இருக்கிறது என்றார். நான் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டேன். எப்போதிலிருந்து, எவ்வளவு, தூக்கம் கெடுகிறதா என்று அரைமணி நேரம் கேட்டு, மூச்சை இழுத்து விடவும் சொல்லிக்கொடுத்தேன். அவரும் மரியாதைக்கு இழுத்து விட்டார். பிறகு கேட்டார்: “நான் மூச்சு விடப் பழகிக்கிறேன் டீச்சர். மாட்டுக்கு யாரு பழக்கிக் குடுப்பா?”

அன்றைக்கு வெட்கப்பட்டு, விடுதிக்கு மனு எழுதிக்கொடுத்தேன். அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அம்மா என் முன்னால் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது புரிந்தது. நான் அன்று கெட்டவளாக இருக்கவில்லை. இவர்களும் கெட்டவர்கள் இல்லை. நாங்கள் கற்ற வித்தை அப்படி. யார் என்ன கேட்டாலும், கேட்டதை விட்டுவிட்டுக் கேட்டவரைப் பார்ப்போம்.

பெட்டியைப் பொருளாளர் பக்கமே தள்ளிவைத்தேன். மறுபடியும் எழுந்தேன்.

“சார், எனக்குப் பயம் இருக்கு. தீர்மானமும் இருக்கு. பயத்த நான் பாத்துக்கிறேன். தீர்மானத்த நீங்க பாருங்க.”

தலைவர் பதில் சொல்லவில்லை. கனிவாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். அது தொழில் முறை. எதிரில் இருப்பவர் மீதியையும் சொல்லட்டும் என்று பேசாமல் காத்திருப்பது. மௌனத்தைத் தாங்க முடியாதவர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். வழக்கமாக நான்தான் முதலில் சொல்லிவிடுவேன், அதிலும் மன்னிப்பாகச் சொல்வேன். ஆனால் அந்த முறையை எனக்கும் அவர்தானே கற்றுக்கொடுத்தார்? நானும் கனிவாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே ஏரிச் சாலையில் குதிரைகள் போகும் சத்தம் கேட்டது. தப்பாகப் பேசிவிட்டேனோ, மரியாதைக் குறைவோ, வேலை போய்விடுமோ, எல்லாம் உள்ளே ஓடியது. வாயை மட்டும் திறக்கவில்லை. கடைசியில் பொருளாளரால் முடியவில்லை. “சார், அவங்க கேக்குறது ஓட்டு சார்” என்று வெடித்துவிட்டார்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கையிலிருந்த தாளை, அன்றைக்கு முதல்முறையாக என்று நினைக்கிறேன், முழுசாகப் படித்தார்.

“இதுல ஒரு கேள்வி இருக்கு. மேற்பார்வை யாரு பண்ணுவா? பதினஞ்சு வருஷ அனுபவம் வேணும்ல?”

என்ன ஒரு கேள்வி! கேள்வி என்றால் இது கேள்வி. எனக்குச் சந்தோஷத்தில் குரல் நடுக்கமே நின்றுவிட்டது. அக்காவின் சான்றிதழ் நகலை எடுத்து நீட்டினேன். அப்புறம் கேள்விகள் வரிசையாக வந்தன. இடம்? பள்ளி நூலக அறை, கடிதம் வாங்கிவிட்டேன். மதுரையின் தரம் குறையாமல் யார் பார்ப்பது? காலாண்டுக்கு ஒருமுறை ஒரு மூத்தவர் மேலே வந்து பார்க்கட்டும். செயலாளரம்மா விடவில்லை. “எல்லா ஊர்க்காரங்களும் நாளைக்கு இதையே கேட்டா?” என்றார். “கேட்டா குடுங்க மேடம்” என்றேன். என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். அவர் “அதுவும் சரிதான்” என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். ஓட்டுரிமை உள்ள ஒன்பது பேரில் ஆறு கைகள் உடனே உயர்ந்தன. செயலாளரம்மா ஒரு வார்த்தையைத் திருத்திவிட்டு ஏழாவது கையைத் தூக்கினார். இரண்டு பேர் தூக்கவில்லை. அவர்கள் எதிர்த்ததுகூட எனக்குப் பிடித்திருந்தது. எதிர்க்கிற அளவுக்கு அது தீர்மானமாகிவிட்டது.

“தலைப்ப மாத்தணும் சார். சிரமங்கள்னு இருக்கு,” என்றேன்.

“தீர்மானம்னு எழுதுங்கம்மா. குறிப்பு உங்க கையிலதான இருக்கு” என்றார் தலைவர்.

எழுதினேன். அடுத்ததாக, மலைக் கிளைக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டார். எல்லோரும் பெருமாள்மலை அக்காவைப் பார்த்தார்கள். “நான் கேஸ் பாக்குறேன். கடிதம் எழுதுற சோலி நமக்கு ஆகாது. இவளப் போடுங்க. மன்னிப்புக் கேக்காம எழுதப் பழகிட்டா நல்லாத்தான் எழுதுவா” என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வேன் என்று நானே எதிர்பார்த்தேன். “சரிங்க” என்றேன்.

வெளியே வந்தபோது கணவர் காரின் பின் இருக்கையில் குழந்தையோடு இருந்தார். அவள் பசியில் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தாள். வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

“என்னாச்சு, ஒத்துக்கிட்டாகளா?”

“ஒத்துக்கிட்டாங்க. நான்தான் கிளைப் பொறுப்பாளர்.”

“யாரு, நீயா?” அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஒரு கிலோ பூண்டு வாங்க நாலு கடை ஏறி எறங்குவ. சங்கத்த நடத்தப் போறியாக்கும்!”

“ஆமா. மாசம் ஒரு சனிக்கிழம நீங்க சவாரி எடுக்காம புள்ளயப் பாக்கணும்.”

“அதுக்கும் ஓட்டெடுத்துட்டீகளா?”

“ஏகமனதா,” என்றேன்.

மாசியில் நூலக அறையில் முதல் கூட்டம் நடந்தது. ஆறு பேரை எதிர்பார்த்தேன், ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று பேர், தூரத்துக்குப் பயந்து அதுவரை சங்கத்தில் சேராமலே இருந்தவர்கள். வட்டக்கானலில் சுற்றுலாப் பயணிகளோடு வேலை செய்யும் ஓர் இளம் பெண் முதலில் தன் பிரச்சினையை வைத்தார். அக்கா அவரை அரைமணி நேரம் விடாமல் கேள்வி கேட்டார். அந்தப் பெண் வியர்த்துவிட்டார், ஆனால் முடிந்தபோது முகம் தெளிந்திருந்தது. நான் ஆரம்பம் முதல் கடைசிவரை அறைக்குள்ளேயே உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டேன். முடிந்ததும் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டேன். ஒன்பது கையெழுத்து. என் கையெழுத்துக்கு எதிரே, பதவி என்று இருந்த கட்டத்தில், தயங்காமல் ‘பொறுப்பாளர்’ என்று எழுதினேன்.