ஒன்றுமில்லை என்று சொன்ன நான்கு பேர்

ஜெகதீஸ்வரனின் கழுத்தில், இடது தாடைக்குக் கீழே, பட்டாணி அளவில் ஒரு நெறிக்கட்டி இருந்தது. சளி பிடித்தபோது வந்தது. சளி போய்விட்டது. அவருடைய விரல்தான் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாவில் அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. மின்னணு அட்டைகளைச் சூடேற்றி, குளிரவைத்து, அளந்து, தேறியது என்று கையெழுத்துப் போடுவார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அளவு துளிக் குறையும் இல்லாமல் வந்தால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும், இன்னொன்றில் அளந்து பார்க்க வேண்டும். அட்டைகளுக்கு நல்ல வழக்கம்தான். அதை அவர் உடம்புக்கும் கொண்டுவந்தார். ஒரு லேபில் ரத்தம் சரியாக இருக்கிறது என்றால் அந்த லேப் சரியில்லை. வீட்டில் மூன்று பிரஷர் கருவிகள். மூன்றும் வேறு வேறு எண் காட்டின, அதுவே ஒரு புதிய கவலை.

எட்டு மாதத்தில் நான்கு மருத்துவர்கள். முதல் ஆள் தொட்டுப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே ஸ்கேன் எழுதினார். இரண்டாமவர் ஸ்கேனைப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லி ஊசிச் சோதனை எழுதினார். ஊசிச் சோதனையும் சுத்தம். மூன்றாமவர் அதைப் பார்த்துவிட்டு முழு உடல் பரிசோதனை எழுதினார். ஒன்றுமில்லை என்றால் அடுத்த சீட்டு எதற்கு? வாயால் இல்லை என்றும் பேனாவால் இருக்கலாம் என்றும் சொல்பவரை ஒரு சோதனைக்காரர் எப்படி நம்புவார்? ஓர் உடம்பில் எந்த நோயும் இல்லை என்று எந்தச் சோதனையாலும் முழுக்கச் சொல்லிவிட முடியாது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவர் குடியிருந்தார். வாடகை வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

நல்ல ரிப்போர்ட் வந்தால் மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் மறுபடி கண்ணாடி, விரல், போனில் தேடல். நூறு பதிலில் மோசமான ஒன்று வரும்வரை தேடுவார், அதில் நின்றுவிடுவார். பயத்தில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைந்தது. எடை குறைந்ததே அவருக்குச் சாட்சியானது. மகள் ஹர்ஷிதா பேசும்போது, "டாடி, ஆர் யூ ஈவன் லிசனிங்?" என்பாள். கை கழுத்தில் இருக்கும்.

செகந்திராபாத்தில் மனைவி கிரிஜாவின் பிறந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை போனால் மைத்துனர் சம்பந்தம் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"வாங்க மாப்பிள்ளை. இந்த வாரம் என்ன வியாதி? போன வாரத்து வியாதி செத்துப்போச்சா?"

"அண்ணா, நக்கோ, வேண்டாம். சும்மா இருங்க" என்பாள் கிரிஜா.

"கைக்கு நக்கோ? ஏன் வேண்டாங்கறே? எல்லாம் நடிப்பு. நம்ம கடையில ரெண்டு நாள் மூட்டை தூக்கச் சொல்லு, ஓடிப்போயிரும்."

நடிப்பவன் தூங்காமல் ஏன் நடிக்க வேண்டும்? சம்பந்தத்துக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

நான்காமவர் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை நிபுணர். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒன்றுமில்லைதான். உங்க நிம்மதிக்கு எடுத்துடலாம். வெள்ளிக்கிழமை வாங்க." கத்தி பட்டால் உதடு கோணிப்போகும் நரம்பு ஒன்று அந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கிரிஜா அதைப் படித்துவிட்டு அழுதாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

விடுப்புக்குத் தொழிற்சாலை மருந்தகத்தின் ஒப்புதல் தேவை. செவ்வாயன்று அங்கே போனார். மருத்துவர் சபீனா, ஆம்பூர்க்காரர், ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டுக் கழுத்தைப் பார்த்தார். கட்டியைச் சுற்றித் தோல் சிவந்து தடித்திருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்திப் பாக்குறீங்க?"

"பத்து தடவை இருக்கும் மேடம்."

"நாளைக்கு முழுக்க எண்ணுங்க. வியாழக்கிழமை வாங்க, கையெழுத்துப் போடுறேன்."

எண்ணுவது அவருக்குத் தொழில். சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்துக் கோடு போட்டார். வியாழக்கிழமை நோட்டை நீட்டும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. நூற்றுப் பதினெட்டு.

"இத்தனை தடவை அழுத்தினா எந்த இடமும் வீங்கும் சார்."

அவர் நோட்டை வாங்கிக் கோடுகளை மறுபடி எண்ணினார். பிறகு, "ஒரு கார்டை ஓயாம செருகி எடுத்தா அதோட கனெக்டர் பின் தேஞ்சிடும் மேடம். அப்புறம் ஃபெயில் ஆனா, கார்டைக் குத்தம் சொல்ல முடியாது. டெஸ்ட் பண்ணினவன்தான் கெடுத்தான்" என்றார். கழுத்துக்குப் போன கையை இறக்கிக்கொண்டு, "அப்ப நான் நடிக்கிறேனா?" என்று கேட்டார்.

"யார் சொன்னது? உங்க பயம் நிஜம், படபடப்பு நிஜம். நல்ல ரிப்போர்ட் வந்தும் ஆறு மாசத்துக்கு மேல அடங்காத பயம், அதுவே ஒரு நோய். மருந்து இருக்கு, பேசிச் சரிபண்ற முறை இருக்கு. மனநல டாக்டருக்கு எழுதித் தர்றேன். கட்டியை ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நான் பாக்குறேன். நீங்க பாக்க வேண்டாம்."

இதில் மெச்ச அதிகம் இல்லை. எண்ணச் சொல்ல இருபது நொடி போதும். அந்த இருபது நொடி நால்வரிடமும் இருந்தது.

வெள்ளி காலை ஏழு மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு. என்ன முடிவு என்று தெரியாமல் கிரிஜா பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"சார், எதுவும் சாப்பிடலைதானே? பயப்படாதீங்க, ஒன்றுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கும்மா அறுக்கறீங்க?" எட்டு மாதத்தில் முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். "வேற டேட் போடவா சார்?"

"நக்கோ." போனை வைத்தார். உப்புமாவைப் பாதி சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மனநல மருத்துவரைப் பார்க்க விடுப்புப் படிவம் எழுதிக் கொடுத்தார். பிரிவு மேலாளர் லக்ஷ்மிநாராயணன் காரணத்தைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல்னு போட்டுடுங்க சார். நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க."

"பேசட்டும் சார். எனக்குக் காய்ச்சல் இல்லையே."