படத்துக்கு முன்னால் குனியாத நாள்

பல்கலைக்கழக ஹாலில் பாய்களை விரித்ததும் ஒரு வாசம் எழும்... பழைய ரப்பரும் வியர்வையும் கலந்த வாசம். தோழிகள் மூக்கைப் பிடிப்பார்கள். மலேசியாவில், ஜெராம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுப்பால் நாற்றத்தோடு வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

அய்கிடோ என்ற தற்காப்புக் கலையின் கிளப். முதல் ஆறு மாதம் விழத்தான் கற்றுக்கொண்டேன். புரட்டிப் போட்டால் உருண்டு எழ வேண்டும். முழங்கையெல்லாம் சிராய்ப்பு... ஆனாலும் அந்தப் பாயில்தான் முதன்முதலாகப் பயமில்லாமல் இருந்தேன்.

அந்தக் கலையைத் தொடங்கியவரின் படம் சுவரில் இருக்கும். அதன் முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்துதான் வகுப்பு தொடங்கும். நான் குனிந்திருப்பதை யாரோ போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். லீவுக்குப் போனபோது பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன் போல.

"யாரும்மா இந்தக் கெழவரு?"

"இந்தக் கலைய உண்டாக்குனவருப்பா. ஜப்பான்காரரு."

அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"சண்டைக் காலத்துல ஜப்பான் சிப்பாய்ங்க எங்கப்பாவ குனியச் சொன்னானுங்க. குனிஞ்சது பத்தலன்னு அறைஞ்சானுங்க. எனக்கு அஞ்சு வயசு... பக்கத்துலதான் நின்னேன். அப்புறம் சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனானுங்க. வரவே இல்ல."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் பெல்ட் டெஸ்ட். கிளப்பை விடவும் மனமில்லை, குனியவும் மனமில்லை. அன்றைக்குப் பார்த்தால், ஹால் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் அப்பா! அம்மாவிடம் நாள் கேட்டு, லோரி ஓட்டும் சட்டையோடே வந்திருந்தார்.

எல்லோரும் குனிந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். காதெல்லாம் சூடு. பயிற்சியாளர் பார்த்துவிட்டு டெஸ்டைத் தொடங்கினார்.

முடிந்ததும் அப்பாதான் கேட்டார்.

"ஏன் நீ மட்டும் குனியல?"

"உங்களுக்காகத்தான்ப்பா..."

"எங்கப்பாவ அடிச்சுக் குனிய வச்சானுங்க. உன்ன யாரும் அடிக்கல லா. புடிச்சிருந்தா குனி. எனக்காக நிமிந்து ஒக்காராத."

சொல்லிவிட்டு லோரியில் ஏறிவிட்டார். அவர் மனம் ஆறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எனக்காக விழுங்கிக்கொண்டார்.

அப்பா காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. இப்போது தஞ்சோங் காராங்கில் ஒரு கடைமாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். யாரையும் குனியச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. நான் குனிகிறேன்.

பெற்றோர்கள் போனில் போட்டோ எடுத்துத் தள்ளுகிறார்கள்... நான் வீடு சேருமுன் வாட்ஸ்அப் குரூப்பில் முப்பது படங்கள் வந்து கிடக்கும்.

சயாமுக்குப் போன தாத்தாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அவர் முகத்தைக் கடைசிவரை நினைவில் வைத்திருந்தது அப்பா ஒருவர்தான்.