எண்ணக்கரு எழுதும் கட்டம்

யானைகளிடமிருந்து பயிரைக் காக்கப் புதுவழி சொல்லும் விவசாயிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றில் எனக்கு வேலை. ஒட்டுசுட்டான் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பேன். 'உங்கள் எண்ணக்கரு' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்த ஓர் அக்காவின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன். அதைக் கையில் பிடித்தபடி அவரே வந்துவிட்டார்.

"எண்ணக்கரு எண்டால் என்ன தம்பி?"

"மனசிலை உருவாகிற யோசனை அக்கா. யானையை மறிக்க நீங்கள் யோசிச்சதை எழுதுங்கோ."

"சத்தம் கேக்க வெறும் போத்தல் கட்டினம், வெடி கொளுத்தினம், மிளகாய்ப் புகை போட்டம். ஒண்டும் சரிவரேல்லை. முந்தநாள் மிச்ச நெல்லும் போச்சு."

"அதிலை ஒண்டை எழுதுங்கோவன்."

"சரிவராததைச் சரிவரும் எண்டு எழுதச் சொல்லுறியளோ?"

படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் படிச்சனீங்கள். நீங்களே ஒண்டை யோசிச்சு எழுதுங்கோ. நான் இருக்கிறன்."

பேனாவை எடுத்தேன். அந்தச் சொல்லுக்கு எத்தனையோ கூட்டங்களில் விளக்கம் சொன்னவன் நான். பேனா வைத்த இடத்தில் மை ஒரு புள்ளியாக ஊறியதே தவிர, ஒரு வரி வரவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அவர் ஊருக்குத் திரும்பவேண்டிய பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது.

"வரேல்லை அக்கா" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப, இனி ஆரிட்டைக் கேக்கிறது?" என்றார்.

அவர் யோசிக்காமல்தான் அந்தக் கட்டத்தை விட்டார் என்று நினைத்திருந்தேன். யோசித்து முடித்தவர்களுடைய கட்டமும் வெறுமையாகத்தான் இருக்கும்.