அண்ணா இடக்கையால் எழுதிய சொற்கள்

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரோடு நெருங்கிப் பழகியவர்கள் மிகச் சிலரே. ஆகவே இந்த நினைவு மலரில் அவரைப் பற்றித் தங்கையாகிய நானே எழுதுகிறேன்.

அண்ணா கரவெட்டியில் பிறந்தார். பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் போரால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வர ஆறு வருடங்கள் சென்றன. அதன்பின் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித்துறைக் கட்டடத்தில் துப்புரவுப் பணியில் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். திருமணம் செய்யவில்லை. அவருடைய ஒற்றை அறையில் ஒரு கட்டிலும், அத்துறை கழித்துவிட்ட மூன்று கணினிகளும் இருந்தன. அவற்றைத் திருத்தி, தாமாகவே நிரல் எழுதப் பழகினார். யூரோ புழக்கத்துக்கு வந்த வருடம்தான் புதிய மடிக்கணினி ஒன்று வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹனோவரில் இருக்கும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். உருளும் இரண்டு சில்லுகள் பூட்டிய மரப்பெட்டியாக முதல் மவுஸைச் செய்தவர், திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரைந்தவர், சிறுவர் மடியில் வைக்கும் கணினியை அட்டையில் செய்து பார்த்தவர் என்று அந்தக் கணினி முன்னோடிகளைப் பற்றி, சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்.

"அந்த மனிசர் இல்லாட்டி, தங்கச்சி, எங்களைப் போல ஆக்கள் இந்தப் பெட்டியைக் கிட்டவும் அண்ட ஏலாது" என்பார்.

கறி அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி நான் வைத்துவிடுவேன். பலமுறை அடுப்பில் ஒன்றும் இருந்ததில்லை.

சென்ற வருட மாரிக் குளிரில் பாரிசவாதம் வந்து அவருடைய வலக்கையும் பேச்சும் போயின. மருத்துவமனையில் கொடுத்த ஜெர்மன் எழுத்து அட்டையை அவர் தள்ளிவிட்டார். அவருடன் வேலை செய்த துருக்கிய நண்பர் ஒருவர் அறைக்குப் போய் மடிக்கணினியை எடுத்து வந்தார். அண்ணா இடக்கையால் மவுஸை நகர்த்தினார். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக விரிந்தன. எழுத்தை அழுத்தினால் சொல்லாகச் சேர்ந்தது. தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக அவர் செய்து கொண்டுபோன நிரலாம் அது. பாடசாலைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்களாம். நண்பர் சொல்லி எனக்கு அன்றுதான் தெரியும்.

முதலில் 'தேத்தண்ணி' என்று எழுதினார். இருவரும் சிரித்தோம். பின்னேரம் நான் ரயிலுக்குப் புறப்பட்டபோது மெல்ல மெல்ல எழுதினார்:

"இண்டைக்கு நில்லு."

இந்த நாட்டுக்கு வந்தபின் அண்ணா என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"நாளைக்கு வேலை, அண்ணா. லீவு தராயினம். சனிக்கிழமை வாறன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சம்மதமாக இரண்டு எழுத்துகளைத் தேடி அழுத்தினார். "ஓம்."

வியாழக்கிழமை பின்னேரம் அவர் உயிர் பிரிந்தது.

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், குளிரைப் பாராமல் இறுதிக் கிரியைக்கு வந்தவர்களுக்கும், தொலைவிலிருந்து ஆறுதல் சொன்ன உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தத் துருக்கிய நண்பர் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வந்து அண்ணாவின் அருகே கதிரை போட்டு இருந்திருக்கிறார். கடைசி மூச்சின்போது கையைப் பிடித்திருந்தவரும் அவரே. இந்த மலரை அவரால் வாசிக்க முடியாது. ஆனாலும் எழுதுகிறேன்: நான் இருந்திருக்க வேண்டிய கதிரையில் நீங்கள் இருந்தீர்கள், அண்ணை.